மார்பகப் பரிசோதனை நாளில் நடப்பது என்ன?

இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயே. தொடக்க நிலையில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. "வலி ஒன்றும் இல்லையே" என்று ஆறுதல் கொண்டு மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். கோபாலபுரம் எல்லைப் பகுதியில் கடன் தவணை செலுத்த வரும் குடும்பஸ்ரீ உறுப்பினர்களிடம் பேசிப் பார்த்தோம். நோயைப் பற்றிய அச்சத்தைவிட, "அங்கே என்ன செய்வார்களோ" என்னும் கூச்சமே அவர்களைத் தடுக்கிறது. ஆகவே அங்கு நடப்பதை அப்படியே எழுதுகிறோம்.

முதற்படி, பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனை. திரையிட்ட அறையில், உட்கார வைத்தும் படுக்க வைத்தும், இரு மார்பகங்களையும் அக்குளையும் விரல்களால் அழுத்திப் பார்ப்பார்கள். தோலில் குழிவு, காம்பில் கசிவு உண்டா என்றும் கவனிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். துணைக்கு ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

கைப்பரிசோதனைதானே என்று இதனை இளக்காரமாக எண்ண வேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்கள் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்கு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதனை செய்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, அப்பிரிவில் 50 வயதைக் கடந்த பெண்களிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். மைய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது.

கேரள அரசு 2025 பிப்ரவரி 4 அன்று தொடங்கிய புற்றுநோய் எதிர்ப்பு இயக்கத்தின் பெயரில் 'அர்புதம்' என்ற சொல் வருகிறது. மலையாளத்தில் அது புற்றுநோயைக் குறிக்கும். தமிழ்க் காதில் 'அற்புதம்' என்று விழுந்து, ஏதோ நல்ல செய்தி போலும் என்று எண்ணியவர்களும் நம் பக்கத்தில் இருக்கக்கூடும்!

இரண்டாம் படி மம்மோகிராம் என்னும் ஊடுகதிர்ப் படம். இதற்குப் பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ செல்ல வேண்டியிருக்கும். மாதவிலக்கு தொடங்கியதற்கு அடுத்த வாரத்தில் நாள் குறித்துக்கொண்டால் வலி குறைவு. அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடரோ வாசனைப் பொருளோ பூச வேண்டாம். அவை படத்தில் வெண்புள்ளிகளாகத் தோன்றிக் குழப்பும். மேலுடையை மட்டும் களைய வேண்டியிருப்பதால் சேலை-இரவிக்கையோ சுடிதாரோ போதும். கருவுற்றிருக்கும் ஐயம் இருந்தாலும் பாலூட்டுபவராக இருந்தாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நின்ற நிலையில் ஒரு மார்பகத்தைத் தட்டின் மீது வைத்து, மேலிருந்து நெகிழித் தகட்டால் அழுத்துவார்கள். அழுத்தம் சில நொடிகளே நீடிக்கும். அப்போது அசையாதிருக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு படங்கள். தாங்க முடியாத வலி என்றால் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். உடை மாற்றுவது உட்பட அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதிர்வீச்சைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள்: சில வாரங்களில் இயற்கையிலிருந்தே நம் உடல் பெறும் அளவுதான் அது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் வரம்புக்குள் காட்டலாம். காப்பீட்டுத் தவணையைப் போலன்றி, இதனை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் கழிவு உண்டு.

அறிக்கையில் 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். வங்கிக் கணக்கில் சுழியம் என்றால் எதுவும் இல்லை என்று பொருள்; இங்கே சுழியம் என்றால் பார்த்தது போதவில்லை, மேலும் படமெடுக்க வேண்டும் என்று பொருள். 1, 2 எனில் கவலையில்லை. 3 எனில் ஆறு மாதத்தில் மீண்டும் படம் எடுப்பது வழக்கம். 4, 5 எனில் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார்கள். 4 என்று வந்தவர்களிலும் பலருக்குப் புற்றுநோய் இல்லை என்றே முடிவு வருகிறது. ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களுக்கே 6. மீண்டும் அழைத்தார்கள் என்பதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அழைப்புக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. கட்டி கையில் தட்டுப்பட்டவர்கள் முகாம் வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும். எடுத்த படங்களைப் பாஸ்புக் வைக்கும் இடத்திலேயே பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.