மென்மை என்னும் மயக்கம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். "ஐயா, மென்மையான சிகரெட்டுக்கு மாறிவிட்டேன்" என்றார். "நாளைக்கு எத்தனை?" என்று வினவினேன். "முன்பு ஆறு, இப்போது பத்து" என்று தலைகுனிந்தார்.

காரணம் யாது? உடல், தான் பழகிய நிகோட்டின் அளவையே நாடுகிறது. புகை மெலிந்தால், புகைப்பவர் தம்மை அறியாமலே ஆழ்ந்தும் அடிக்கடியும் இழுக்கிறார். வடிகட்டியில் காற்றுப் புகும் நுண்துளைகளை விரலாலோ உதட்டாலோ மூடியும் விடுகிறார். அளவு காணும் பொறியோ ஒரே சீராக இழுப்பது. ஆதலின் அதன் கணக்கு மனிதருக்குப் பொருந்துவதில்லை. இதனை உணர்ந்தே அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2010-ஆம் ஆண்டில் 'லைட்', 'மைல்டு' என்னும் சொற்களைச் சிகரெட்டுப் பெட்டிகளில் தடை செய்தன.

"பெட்டிதான் மாறியது தம்பி, அறவே விட்டுவிடு" என்றேன். தொடங்காத உங்களுக்கோ, விடும் துன்பமே இல்லை.