காமன் எரியட்டும், கை எரிய வேண்டாம்



பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த உடனே நம்ம லயத்துப் பொடியன்கள் வாயில் வருகிற முதல் கேள்வி என்ன? "காமனுக்கு எப்ப கம்பம் ஊன்றது?" என்பதுதான். பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கை பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்தைப் பார்த்து வளராத ஆள் குறைவு. ஆனால் அந்த ஒரு இரவை ஆபத்து இல்லாமல், கணக்கில் சண்டை இல்லாமல் நடத்துவது எப்படி என்று நாம் உட்கார்ந்து பேசுவது கிடையாது. இந்த முறை அதைத்தான் எழுதுகிறேன்.

காமன் கூத்து என்றால் என்ன?

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருந்த சிவன் மேல் மன்மதன் மலர்க் கணை விட்டான். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பலானான். ரதி அழுது கேட்டதால் அவனுக்குத் திரும்ப உயிர் கிடைத்தது, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. இந்தக் கதையைத்தான் நம்ம ஆட்கள் தப்பு அடித்து, பாட்டுப் பாடி, வேஷம் கட்டி ஆடுகிறார்கள்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் பாட்டு நடக்கும். ரதி, மன்மதன் வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பௌர்ணமி இரவு லயம் லயமாகப் போய் ஆடி, விடியப் போகிற நேரத்தில் காமனை எரிப்பார்கள். மூன்றாம் நாள் உயிர்ப்பித்தல். தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கம் கொஞ்சம் மாறும்.

நம்ம பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த காலத்தில் தலையில் சுமந்தது ஒரு துணி மூட்டைதான், நெஞ்சில் கொண்டு வந்தது இந்தப் பாட்டுகள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார். கோப்பி அழிந்து தேயிலை வந்தது, காமன் கூத்து மட்டும் அழியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றும் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவது உண்டு.

வெள்ளைக்காரன் ஊரிலும் உண்டு

தீ மூட்டிக் கூடுவது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் லூயிஸ் என்ற ஊரில் வருஷா வருஷம் நவம்பர் 5ஆம் திகதி பெரிய தீ வளர்த்து வாணம் விடுகிறார்கள். 1605இல் பாராளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்த சதி பிடிபட்ட நாள் அது. அதோடு 1555க்கும் 1557க்கும் இடையில் மதத்துக்காக அந்த ஊரில் உயிரோடு எரிக்கப்பட்ட 17 பேரின் நினைவாக 17 எரியும் சிலுவைகளைத் தூக்கிப் போவார்கள்.

முந்தி அங்கேயும் இந்த இரவு ஒரே ரகளைதான். அடிதடி நடக்கும், பொலிஸ் வரும். பிறகு 1853 அளவில் சங்கங்கள் அமைத்தார்கள். அந்தச் சங்கங்களில் சில இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிறச் சட்டை, தனி எரி திடல், சந்தா, பொறுப்பாளர்கள் எல்லாம் உண்டு. ஒரு இரவுக்காக வருஷம் முழுவதும் கூடிப் பேசுகிறார்கள். நமக்குக் கூத்து இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சங்க ஒழுங்குதான் குறைவு.

குழு அமைத்தல்

தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையே குழுக் கூட்டம் வையுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் போதாது. கூடவே மூன்று பேர் வேண்டும்.

1. தீப் பொறுப்பாளர். எரிப்பதும் வாணம் விடுவதும் இவர் கையில். அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவராக இருக்க வேண்டும்.

2. பிள்ளைப் பொறுப்பாளர். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிற அக்கா மாதிரி, சத்தம் போட்டால் பிள்ளைகள் கேட்கிற ஒருத்தர்.

3. கணக்குப் பார்ப்பவர். இவர் பொருளாளருக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தாக் காசில் பாதிக்கு மேல் கொழுந்து எடுக்கிற பெண்களின் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் குழுவில் ஒரு பெண் பேரைக் காண்பது அபூர்வம். ரதி வேஷத்தைத்தான் ஆம்பிளை கட்டுகிறார், பொருளாளர் வேலையையாவது ஒரு பெண் பிள்ளைக்குக் கொடுக்கலாமே!

காசுக் கணக்கு

உதாரணமாக 120 குடும்பம் உள்ள ஒரு டிவிசனில் மாதம் 50 ரூபா வீதம் பத்து மாதம் சேர்த்தால் 60,000 ரூபா. கடைசி நேரத்தில் வீட்டுக்கு 500 கேட்டால் முகம் சுளிப்பார்கள். மாதம் 50 என்றால் பாரம் தெரியாது. செக்ரோலில் பிடிப்பதென்றால் ஆளுக்கு ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஐயாமாரிடம் கேட்க வேண்டும். கொடுக்க முடியாத வீட்டை வற்புறுத்த வேண்டாம். அந்த வீட்டு முன்னாலும் கூத்து ஆடத்தான் வேண்டும்.

எல்லாக் காசுக்கும் ரசீது எழுதுங்கள். வங்கிப் புத்தகம் இரண்டு பேர் பெயரில் இருக்கட்டும். திருவிழா முடிந்து ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். கணக்கு ஒட்டாத வருஷத்துக்கு அடுத்த வருஷம் சந்தா குறையும். இது நான் பல தோட்டத்தில் பார்த்த உண்மை.

அனுமதி

தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி போடுவதற்குத் தடை. ஆகவே 10 மணியோடு மைக்கை நிறுத்தி, தப்பையும் வாய்ப் பாட்டையும் வைத்து ஆடுங்கள். நம்ம முன்னோர் மைக்கை நம்பியா ஆடினார்கள்?

எரி திடல்

மாசி, பங்குனி என்றால் நமக்கு வெயில் காலம். நக்கிள்ஸ் மலைப் பக்கம் மானாப்புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், பத்தனை முழுக்கப் பற்றிக்கொள்ளும். அந்த மலை 2010இல் உலக மரபுரிமை இடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நமக்கு அது அதற்கு முந்தியே தண்ணீர் தந்த மலை. பீலித் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. காடு எரிந்தால் நம்ம குடமும் காயும்.

ஆகவே திடலைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி மண் தெரிய வையுங்கள். லயம், விறகுக் கொட்டில், மாட்டுப் பட்டி எல்லாவற்றுக்கும் 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மேலே மின் கம்பி போகிற இடம் கூடாது. வைக்கோலும் கவ்வாத்து மிலாறும் போதும். டயர், பிளாஸ்டிக், புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் எதையும் தீயில் போடாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. பெற்றோல் ஊற்றவே கூடாது. பெற்றோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். குச்சியைக் கிழித்த ஆள் மேலேயே திரும்பிப் பாயும். காற்று பலமாக அடித்தால் கொஞ்சம் பொறுத்திருங்கள், காமன் கோபிக்க மாட்டான்.

சிவன் வேஷத்துச் சடாமுடி பெரும்பாலும் சணல். ரதியின் சேலை நைலக்ஸ். இரண்டும் பஞ்சு மாதிரிப் பற்றும். வேஷக்காரர் தீக்கு அருகில் போகிறபோது ஈரச் சாக்கோடு ஒருத்தர் கூடவே போக வேண்டும்.

வாணமும் வெடியும்

நம் நாட்டில் வெடி, வாணம் செய்வதற்குப் பெயர் போன ஊர் நீர்கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கிம்புலாபிட்டிய. தமிழ்நாட்டில் சிவகாசி. எங்கே செய்தாலும் உள்ளே இருக்கிற கருமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததுதான். சிவப்புக்கு ஸ்ட்ரோன்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு என்று உப்புகள் சேர்ப்பார்கள். சின்னப் பிள்ளை கையில் கொடுக்கிற கம்பி மத்தாப்பு இருக்கிறதே, அதன் நுனியில் சூடு 1,000 பாகை செல்சியசுக்கு மேல். தண்ணீர் கொதிப்பது 100 பாகையில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேரளாவில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் திகதி விடியற்காலையில் வாண வேடிக்கை நடந்தது. விட்ட வாணத்தின் பொறி, பக்கத்தில் வெடி குவித்து வைத்திருந்த கட்டிடத்தில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அதிகாரிகள் அனுமதி மறுத்திருந்தும், யாருடைய வாணம் பெரிது என்ற போட்டியில் நடத்தியது அது.

நமக்குப் பாடம் இதுதான். வெடிப் பெட்டி ஒரு இடம், விடுகிற இடம் வேறு இடம். பெட்டியை மூடி, ஒரு பொறுப்பான ஆளை அருகில் நிறுத்துங்கள். அனுமதிப்பத்திரம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். யானை விரட்டுகிற வெடி நம்ம கூத்துக்கு வேண்டாம். ராக்கெட்டைக் கையில் பிடித்தோ போத்தலில் வைத்தோ விடாமல், மண்ணில் நட்ட குழாயில் வைத்து லயம் இல்லாத பக்கமாக விடுங்கள். பெரிய வாணத்துக்குப் பார்வையாளர் 80 அடி தள்ளி நிற்க வேண்டும். கயிற்றில் வாணம் ஓடவிட்டுக் காமனைக் கொளுத்துவது உங்கள் வழக்கம் என்றால், அந்தக் கயிற்றின் கீழே ஒரு ஆளும் நிற்கக் கூடாது. பெரிய வாளியில் தண்ணீரும் மணலும் நாலு மூலையிலும் இருக்கட்டும்.

பௌர்ணமி போயா நாள், சாராயக் கடை மூடியிருக்கும். அதனால் சிலர் முதல் நாளே வாங்கி வைப்பார்கள், சிலர் கசிப்பைத் தேடிப் போவார்கள். குடித்தவரைத் திடலுக்குள் விடாதீர்கள், மச்சானாக இருந்தாலும் சரி.

மறுநாள் காலை

இதை எழுத எனக்கு இன்றும் கை கூசுகிறது. பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் காமன் எரித்து முடித்து எல்லாரும் சந்தோஷமாகப் படுக்கப் போனோம். நானும் போனேன். திடலைப் பார்க்க ஒருத்தரும் நிற்கவில்லை. விடிந்ததும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அங்கே விளையாடப் போய், வெடிக்காமல் கிடந்த வெடியை எடுத்துத் திரியைத் திரும்பப் பற்ற வைத்திருக்கிறது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. ஒன்றுதான் கேட்டா. "ஐயா, வெடி வாங்குறதுக்கு அத்தன கணக்கு எழுதுனீங்களே, வெடிக்காதத பொறுக்குறதுக்கு ஒரு ஆளு பேர எழுதலியா?"

எனக்குப் பதில் இல்லை. அந்தக் குழுவின் கணக்குப் புத்தகத்தில் என் கையெழுத்தும் இருந்தது. அன்றிலிருந்து நான் போகிற எந்தக் கூட்டத்திலும் முதலில் எழுதச் சொல்வது அந்தப் பேரைத்தான்.

ஆகவே இதைக் கட்டாயமாக்குங்கள். எரித்து முடிந்ததும் இரண்டு பேர் திடலில் காவல் இருக்க வேண்டும். தணலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, திரும்பவும் ஊற்ற வேண்டும். வெடிக்காததை உடனே தொடாமல் அரை மணி நேரம் விட்டு, தண்ணீர் ஊற்றி, நீளமான கம்பால் வாளித் தண்ணீருக்குள் தள்ளிவிட வேண்டும். வெளிச்சம் வந்ததும் திடலைக் கூட்ட வேண்டும். அது முடியும் வரை ஒரு பிள்ளையையும் அந்தப் பக்கம் விடக் கூடாது. நெற்றியில் பூசச் சாம்பல் வேண்டியவர்கள் தணல் ஆறிய பிறகு பெரியவர் கையால் வாங்கிக்கொள்ளலாம்.

தீக்காயம் பட்டால்

உடனே ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிடுங்க வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி, தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்கள். உடுப்பில் தீப் பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் விழுந்து உருள வேண்டும்.

கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல், ஒரு சின்னக் கோப்பையைக் கவிழ்த்துக் கட்டி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990, தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 119. இந்த மூன்று இலக்கத்தையும் காமன் கம்பத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நம்ம மலைப் பாதையில் வண்டி வரப் பிந்தும். அதனால் அன்றிரவு ஒரு வேனோ லொறியோ சாரதியோடு தோட்டத்தில் நிற்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தச் செலவைக் கணக்கில் முதல் வரியாகப் போடுங்கள்.

முடிவாக, காமன் செத்தாலும் மூன்றாம் நாள் எழும்பி விடுவான். நம்ம பிள்ளையின் விரல் எழும்பாது. இந்த வருஷக் குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருத்தர் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் மறுநாள் காலையில் திடல் கூட்டப் போகிறவரின் பேரை எழுதிவிட்டு, மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

எல்லா லயத்துக்கும் என் வாழ்த்துகள்.

தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்,
பன்வில.