மண்டை ஓட்டுக்கு முகம் கொடுக்கும் கம்ப்யூட்டர்! பெயர் கொடுக்க உறவினர் வேண்டும்

ஆள் யார் என்று தெரியவில்லை. உடை மக்கிவிட்டது. சதை இல்லை. கிடைத்தது ஒரு மண்டை ஓடு மட்டும். அதை வைத்து, அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருப்பார் என்று படம் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும் என்கிறார்கள் நிபுணர்கள். அதற்குக் கம்ப்யூட்டர் கை கொடுக்கிறது.

கொந்தகை மனிதர்கள்

சிவகங்கை மாவட்டத்தில் கீழடிக்குப் பக்கத்து ஊர் கொந்தகை. பழங்கால மக்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் அது. அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டை ஓடுகள், ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முந்தியவை. 2025-ம் ஆண்டில் அவற்றுக்கு முகம் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை இது. அந்தப் படங்களைப் பார்த்தால், ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் ஞாபகம் வரும்.

போலீஸ் வழக்குகளில் அடையாளம் தெரியாதவருக்கு முகம் கொடுப்பதும் இதே முறையில்தான்.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் மண்டை ஓட்டை சி.டி. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வோர் இடத்திலும் எலும்பின் மேல் எத்தனை மில்லிமீட்டர் சதை இருக்கும் என்பதற்கு அட்டவணைகள் உண்டு. உயிரோடு இருப்பவர்களிடமிருந்து ஸ்கேன் மூலம் எடுத்த அளவுகளும் அவற்றில் அடக்கம். ஆண், பெண், வயது, இனம் ஆகியவற்றுக்கு ஏற்ப அளவு மாறும். ஐரோப்பியருக்கு எடுத்த அளவை நம்மவருக்குப் போட்டால் முகம் பிசகிவிடும்.

அந்த அளவுப்படி தசைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, மேலே தோலைப் போர்த்துகிறார்கள். எலும்பில் உள்ள மூக்குத் துவாரம் மூக்கின் அகலத்தைச் சொல்லும். பல்வரிசை வாயின் அகலத்தைச் சொல்லும். முன்பு இதையே களிமண்ணால் செய்தார்கள்.

ஆனால் தலைமுடி எப்படி, ஆள் ஒல்லியா பருமனா என்பதை எலும்பு சொல்லாது. அங்கே ஊகம்தான்.

மும்பையில் பிறந்த டாக்டர்

காணாமல் போனவரின் போட்டோ கையில் இருந்தால் வேறொரு வழியும் உண்டு. மண்டை ஓட்டின் படத்தின் மேல் போட்டோவைப் பொருத்திப் பார்ப்பது அது.

1935-ம் ஆண்டு உலகையே உலுக்கிய ஒரு கொலை வழக்கில் இந்த முறை புகழ் பெற்றது. குற்றவாளி பக் ரக்ஸ்டன். மும்பையில் பிறந்த பார்சி டாக்டர். இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரில் தொழில் செய்தவர். மனைவியையும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணையும் கொன்று, உடல்களைத் துண்டாக்கி, ஸ்காட்லாந்தில் ஓர் ஓடைப் பள்ளத்தில் வீசினார். அடையாளம் தெரியாதபடி முகங்களைச் சிதைத்திருந்தார். பேராசிரியர்கள் கிளெய்ஸ்டரும் பிராஷும் மனைவியின் போட்டோவைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கி, மண்டை ஓட்டின் படத்தோடு இணைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது! 1936 மே மாதம் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

இன்று இது கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. மும்பையின் ஷீனா போரா வழக்கில், ராய்காட் மாவட்டக் காட்டில் கிடைத்த எலும்புகளை 2015-ல் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். கூடவே டி.என்.ஏ. சோதனையும் நடந்தது.

படம் மட்டும் போதாது

டி.என்.ஏ. சோதனை ஏன்? கம்ப்யூட்டர் வரைந்த முகம், "இவர்தான் அவர்" என்று கோர்ட்டில் நிரூபிக்கப் போதாது. அது ஓர் அழைப்பு. படத்தைப் பார்த்து, "ஐயோ, இது எங்கள் அண்ணன்" என்று யாராவது ஓடி வர வேண்டும். பிறகு பல், பழைய எக்ஸ்-ரே, பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தம் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெயர் உறுதியாகும். தேடி வர ஆள் இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக வரைந்தும் பயன் இல்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் 2023, 2024 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் 2,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பெயர் தெரியாமல் பிணவறைக்குப் போகிறவர்களும் உண்டு. உடல் இங்கே, சொந்தம் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ! "போன் எடுக்கவில்லை, வேலை அதிகம் போலும்" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெயர் இல்லாமல் மரணச் சான்றிதழ் கிடையாது. அது இல்லாமல் மனைவி மக்களுக்கு இன்சூரன்ஸ் பணமோ பி.எஃப். பணமோ சுலபத்தில் கைக்கு வராது. ஆளைப் பற்றி 7 ஆண்டுகள் தகவலே இல்லாமல் இருந்தால்தான், இறந்துவிட்டதாகச் சட்டம் கருதும்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், ஊர் விலாசமும் வீட்டுப் போன் நம்பரும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். பல் தெரியச் சிரிக்கும் போட்டோ ஒன்று ஊரில் இருக்கட்டும். மண்டை ஓட்டோடு ஒப்பிடப் பல்வரிசை பெரிதும் உதவும். பல் டாக்டர் எடுத்த எக்ஸ்-ரேயைத் தூக்கிப் போட வேண்டாம்.

உடன் தங்கும் நண்பர் இரவு திரும்பாவிட்டால், "வந்துவிடுவான்" என்று நாலு நாள் காத்திராமல், மறுநாளே போலீசிலும் ரயில்வே போலீசிலும் போட்டோவோடு புகார் கொடுங்கள்.