கல் உப்பு, ஐஸ், தயிர்: அக்கா வீட்டில் ஒரு லேப்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)

தலைப்பைப் பார்த்ததும் "என்னடா இவன், சமையல் குறிப்பு எழுத ஆரம்பிச்சுட்டானே" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நம் ரெப்ரிஜிரேஷன் பாடத்தில் பாதியை எனக்குப் புரிய வைத்தது ஒரு எவர்சில்வர் தூக்கும் அக்கா பெற்ற இரண்டு வாண்டுகளும்தான். பெரியவனுக்கு ஒன்பது வயது. சின்னவளுக்கு ஆறு.

போன வருடம் சின்னவள் பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் வாங்கித் தின்றாள். அன்று இரவே வாந்தி, பேதி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. காரணம் அந்த ஐஸ்தானா என்று டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அக்கா சும்மா விடுவாளா? அன்றிலிருந்து அந்த வீட்டில் குளிர்ச்சியான எதற்கும் தடையுத்தரவு. தயிரைக் கூட வெளியே வைத்துச் சூடு ஆறிய பிறகுதான் ஊற்றுவாள். ஏற்கெனவே பாலைக் கண்டால் ஓடும் பிள்ளை, இப்போது தயிரையும் ஒதுக்கிவிட்டது. கோடை விடுமுறைக்கு நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் ஐஸ் சாப்பிடுவதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், "நாமே செய்வோம் வா" என்று வாயை விட்டேன்.

முதல் முயற்சி படுதோல்வி. தயிரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, டம்ளரில் ஊற்றி, ஸ்பூனைச் செருகி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்தால் கருங்கல்! பல்லால் கடிக்க முடியவில்லை. சப்பிப் பார்த்தால் வெறும் ஐஸ் ருசி. "கடையில வாங்கறது மட்டும் எப்படி மாமா மெத்துன்னு இருக்கு?" என்றான் பெரியவன். பதில் தெரியாமல் முழித்தேன். இத்தனைக்கும் அந்தப் பேப்பரை நான் முதல் அட்டெம்ப்டிலேயே பாஸ் செய்தவன்.

பிறகு புத்தகத்தை எடுத்து வைத்து யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. சாதாரணத் தயிரில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் அசையாமல், மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய படிகங்களாக வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதுதான் கருங்கல். மெத்தென்று வர வேண்டுமானால் மூன்று வழி உண்டு. தண்ணீரைக் குறைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் எதையாவது கரைத்து அதன் உறைநிலையை இறக்க வேண்டும், அல்லது உறையும்போது விடாமல் கிளறிப் படிகத்தைச் சிறிதாகவே வைத்திருக்க வேண்டும். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள் மூன்றையும் செய்கிறார்கள். அதிலும் சர்க்கரையைத் தாராளமாகவே அள்ளிப் போடுகிறார்கள். சர்க்கரை அங்கே ருசிக்கு மட்டும் அல்ல. சர்க்கரை கரைந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் முழுவதுமாக உறையாது. கொஞ்சம் ஐஸாகப் பிரியப் பிரிய, மிச்சமுள்ள பாகு கெட்டியாகிக்கொண்டே போகும், அதன் உறைநிலையும் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே ஃப்ரீசர் குளிரிலும் ஒரு பங்கு உறையாமல் நின்று அந்த மெத்துத்தன்மையைக் கொடுக்கிறது.

இங்கேதான் சிக்கல். குழந்தைக்கு நல்லது என்று சர்க்கரையைக் குறைத்தால் கல்லாகிறது. கல்லாகாமல் இருக்கச் சர்க்கரையைக் கூட்டினால் பிறகு அது என்ன சத்து? ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. இதில் தேனும் நாட்டுச் சர்க்கரையும் கூடக் கணக்கில் வரும். "தேன் தானே" என்று ஏமாற வேண்டாம். (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.)

ஆக, சர்க்கரையை நம்பாமல் மற்ற இரண்டு வழிகளைப் பிடித்தோம். ஒரு லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, அடியில் பாத்திரம் வைத்து, ஃபிரிட்ஜுக்குள்ளேயே தொங்கவிட்டோம். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். நாலைந்து மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து பாதிக்கும் குறைவாக, வெண்ணெய் மாதிரி ஒரு உருண்டை நின்றது. வடிந்த தண்ணீரை அக்கா சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசைந்துவிட்டாள். இனிப்புக்கும் வழுவழுப்புக்கும் நன்றாகக் கனிந்த ஒரு மாம்பழமும் ஒரு வாழைப்பழமும். உறைந்த வாழைப்பழத்தை மசித்தால் அதுவே பாதி ஐஸ்கிரீம் போல இருக்கும். சர்க்கரை ஒரே ஒரு ஸ்பூன், ஏலக்காய் ஒன்று.

பழம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பச்சை அன்னாசியைத் தயிரில் கலந்து வைத்துவிடாதீர்கள். அதிலுள்ள புரோமலின் என்ற என்சைம் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். பப்பாளிக்கும் இதே குணம் உண்டு. அன்னாசிதான் வேண்டும் என்றால் துண்டுகளை ஒரு கொதி விட்டு ஆறவைத்துச் சேர்க்கலாம். சூட்டில் அந்த என்சைம் செயலிழந்துவிடும்.

இனி கிளறுவது. ஃப்ரீசருக்குள் கையை விட்டுக் கிளறிக்கொண்டிருக்க முடியுமா? அதற்கு விடை நம் தாத்தா காலத்து முறையில் இருக்கிறது: ஐஸும் உப்பும். கைப்பிடியைச் சுற்றி ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். வெளியே மரவாளி, அதில் ஐஸும் உப்பும், உள்ளே ஒரு டப்பா, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. கம்ப்ரஸரும் கிடையாது, கரண்டும் கிடையாது. சென்னை மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டிடம் அதே காலத்தில், 1842 வாக்கில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஏரி ஐஸைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். அன்றைக்கு ஐஸ் கடல் கடந்து வரவேண்டிய பண்டம். இன்று நம் வீட்டு ஃப்ரீசரில் டிரே டிரேயாக எடுக்கிறோம்.

இரண்டு நாள் டிரேயில் சேர்த்த ஐஸ் ஒன்றரை கிலோ, கல் உப்பு அரை கிலோ. ஐஸைச் சாக்கில் கட்டித் தட்டி உடைக்கும் வேலை பெரியவனுக்கு. ஒரு அடுக்கு ஐஸ், ஒரு கை உப்பு என்று பிளாஸ்டிக் வாளியில் போடும் வேலை சின்னவளுக்கு. நடுவில், மூடி இறுக்கமாக உள்ள எவர்சில்வர் தூக்கு. அதற்குள் தயிர்க் கலவை பாதியளவு. தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருப்பதை ஸ்பூனால் வழித்து நடுவே தள்ள வேண்டும். அலுமினியப் பாத்திரம் வெப்பத்தை இன்னும் வேகமாகக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் தயிர்ப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். பிளாஸ்டிக் டப்பாவோ வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். எனவே எவர்சில்வர்தான் சரி.

அப்போதுதான் சின்னவள் கேட்டாள்: "மாமா, உப்புப் போட்டா ஐஸ் உருகுது. உருகினா சூடாகணும்ல? ஏன் இன்னும் ஜில்லுன்னு ஆகுது?"

இந்தக் கேள்வியை வைவாவில் கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் தப்பியிருப்போம்? கேளுங்கள். ஐஸ் உருக வெப்பம் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் பூஜ்யம் டிகிரியிலேயே தண்ணீராக மாற 334 கிலோ ஜூல். (ஒரு டன் ஐஸுக்கு இந்த மறைவெப்பக் கணக்கை 24 மணி நேரத்துக்குப் போட்டுத்தான் நாம் மனப்பாடம் செய்யும் 'டன் ஆஃப் ரெப்ரிஜிரேஷன்', அதாவது சுமார் 3.5 கிலோவாட், பிறந்தது.) சும்மா கிடக்கும் ஐஸின் மேலுள்ள ஈரத்தில், ஐஸிலிருந்து கழன்று வரும் மூலக்கூறுகளும் திரும்பிப் போய் ஒட்டும் மூலக்கூறுகளும் பூஜ்யம் டிகிரியில் சமமாக இருக்கும். உப்புக் கரைந்துவிட்டால் திரும்பி ஒட்டுவது குறைகிறது, கழன்று வருவது தொடர்கிறது. ஆகவே பூஜ்யத்துக்குக் கீழேயும் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். உருகுவதற்கான வெப்பத்தை எங்கிருந்து எடுக்கும்? அந்த ஐஸிலிருந்தே, உப்புத் தண்ணீரிலிருந்தே, நம் தூக்கிலிருக்கும் தயிரிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் ஜில்லென்று இறங்குகிறது. எடையில் 23 சதவீதம் உப்பு சேரும்போது மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போகலாம். அதற்குக் கீழே போகாது. மெட்டலர்ஜியில் ஸோல்டருக்குப் படித்தோமே யூடெக்டிக், அதேதான் இது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற பழைய கணக்கு இந்த எல்லையை ஒட்டியே வருகிறது பாருங்கள்.

உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டால் என்ன என்று பெரியவன் கேட்டான். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரை கரைத்தால் உறைநிலை அரை டிகிரிதான் இறங்கும். 100 கிராம் உப்பு கரைத்தால் சுமார் ஆறு டிகிரி இறங்கும். உப்பு மூலக்கூறு எடை குறைந்தது, தண்ணீரில் இரண்டாகப் பிரியவும் செய்கிறது. எண்ணிக்கைதான் கணக்கு.

சின்னவளிடம் இப்படியெல்லாம் சொல்ல முடியாது. "ஐஸ் உருகணும்னா அதுக்குப் பசிக்கும். உப்பு போட்டா பசி ஜாஸ்தி. நம்ம தயிர்ல இருக்கிற சூட்டைத் தின்னுடுது" என்றேன். "அப்ப உப்பு ஐஸுக்கு ஊறுகாயா?" என்றாள். இதற்கு மேல் நான் என்ன விளக்க?

இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தூக்கு திருப்ப முடியாமல் கனத்தது. திறந்தால் ஸ்பூனில் நிற்கும் பதம்! ஆனால் அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். மூடியைத் துடைக்காமல் திறந்ததில் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. மொத்தமும் வீண். சின்னவள் அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. நல்லவேளையாக அது வீட்டு ஐஸ். முதலில் ஐஸ் பாக்டரியில் மீனுக்குப் போடும் பாளத்தை வாங்கி வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது குடிநீரில் செய்தது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அந்தத் தண்ணீர் உள்ளே போய், அதை ருசி பார்த்திருந்தால்? உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சாகாது, பெரும்பாலும் தூங்கும், அவ்வளவுதான். தயிரின் நல்ல பாக்டீரியா ஃப்ரீசரில் பிழைப்பதும் இதே காரணத்தால்தான். எனவே கை கழுவுவது, காய்ச்சி ஆறிய தண்ணீர், கழுவித் துடைத்த பழம் என்பதெல்லாம் சூடான சமையலை விட இதில் முக்கியம். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கரண்ட் போய் நெடுநேரம் கழித்து வந்தால் கொட்டிவிடுவது மேல்!

இன்னும் இரண்டு விஷயம். அந்த உப்பு ஐஸை வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருந்தால் சுட்ட புண் மாதிரியே ஆகும். வாளியைத் துண்டால் சுற்ற வேண்டும், கையைப் பிள்ளைகள் உள்ளே விடக்கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு முழுத் திராட்சையை உறைய வைத்துக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் சரியாகப் போய் அடைக்கும் அளவு அது. நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

தூக்கு சுற்றப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சுலபமான ஒன்று: எவர்சில்வர் தட்டில் வாழை இலையை விரித்து, வடித்த தயிரை அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே பிள்ளைகளை விட்டு மாதுளை முத்து, சப்போட்டாத் துண்டு, மாம்பழக் கீற்று என்று அடுக்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கடலை மிட்டாய் மாதிரி உடைத்துக் கொடுக்கலாம். மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் உறையும், கடிக்கவும் வரும். டம்ளரில் குச்சி செருகுவதாக இருந்தால், கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைக்கவும். அப்படியே கொடுத்தால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் இரண்டாம் முறை. மூடிக்கு மேல் பாலிதீன் தாளைப் போட்டு ரப்பர் பாண்டால் கட்டினோம். பதமாக வந்தது. "பாட்டி சளி பிடிக்கும்னு சொல்லுமே" என்று பெரியவன் இழுத்தான். சளி வைரஸால் வருவது, தயிர் ஐஸால் அல்ல என்று நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா ஸ்பூனை எடுத்தாள். முதலில் அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சின்னவளுக்கு ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து, "மெதுவாச் சாப்பிடு" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெண் தயிர்க் கிண்ணத்தை வழித்து நக்கியதை நான் பார்த்தேன்.

வாளியில் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டப் போன பெரியவனைப் பாதி வழியில் பிடித்து நிறுத்தினேன். மரம் பட்டுப்போகும். அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைக்கச் சொன்னேன். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிய மறுவாரம் போனில் சொன்னான்: தண்ணீர் வற்றிவிட்டதாம், அரை கிலோ உப்பில் பெரும் பகுதி திரும்பக் கிடைத்துவிட்டதாம். அடுத்த தடவைக்கு என்று டப்பாவில் போட்டு, மேலே 'ஐஸ் உப்பு, சமையலுக்கு இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கிறானாம்.