சமூகப் பரிந்துரை

சமூகப் பரிந்துரை என்பது, மருத்துவரை நாடி வரும் ஒருவரை, அவர் வாழும் சமூகத்திலேயே கிடைக்கும் மருத்துவம் சாராத ஆதரவுகளோடு இணைத்து வைக்கும் நலவாழ்வு முறை ஆகும். சுயஉதவிக் குழு, தன்னார்வத் தொண்டு அமைப்பு, கலை அல்லது விளையாட்டுக் குழு, தொழிற்பயிற்சி, அரசு நலத்திட்ட உதவி முதலியன இவ்வாதரவுகளுள் அடங்கும். தேவைப்படும் இடத்தில் மருந்துடன் சேர்ந்தே இது செயல்படுகிறது. மனச்சோர்வு, பதற்றம், தனிமை, இழப்புத் துயர் ஆகியவற்றில் இம்முறை பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

அடிப்படை

மனநலக் குறைகள் பலவற்றுக்கு வறுமை, கடன், வேலையின்மை, குடும்பத்தில் குடிப்பழக்கம், உறவினரின் இறப்பு போன்றவை காரணமாகவோ, நோயை வளர்ப்பனவாகவோ அமைகின்றன. எடுத்துக்காட்டாக, கடலில் கணவனை இழந்த பெண் ஒருவர் தூக்கமின்மை, உடல்வலி, பசியின்மை எனக் கூறி மருத்துவரிடம் வரலாம். வலி நீக்கியும் தூக்க மாத்திரையும் அவருடைய அறிகுறிகளைச் சிறிது குறைக்கலாம். ஆனால் அடுத்த மாத வாடகை, பிள்ளைகளின் படிப்பு, பேச்சுத்துணை இல்லாமை ஆகியவற்றை அவை தீர்ப்பதில்லை. இவற்றையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதுவதே சமூகப் பரிந்துரையின் அடிப்படை ஆகும்.

செயல்முறை

இம்முறையில் இணைப்புப் பணியாளர் என்பவர் முதன்மையானவர். மருத்துவர் நோயாளியை இவரிடம் அனுப்புகிறார். இவர் போதிய நேரம் ஒதுக்கி நோயாளியின் பேச்சைக் கேட்டு, அவருக்கு முக்கியமானது எது என அறிந்து, பொருத்தமான ஆதரவைத் தேர்ந்தெடுக்க உதவுகிறார். முகவரியை எழுதித் தருவதோடு இவர் பணி முடிவதில்லை. முதல் முறை உடன் செல்வது, விண்ணப்பம் நிரப்ப உதவுவது, பின்னர் நிலையை விசாரிப்பது ஆகியனவும் இவருடைய பணிகளே.

வரலாறு

இலண்டனில் 1984இல் தொடங்கப்பட்ட பிராம்லி பை போ மையம் இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவை 2019இல் வெளியிட்ட நீண்டகாலத் திட்டத்தில் இணைப்புப் பணியாளர்களுக்கு இடமளித்தது. உலக சுகாதார அமைப்பு 2022இல் இதற்கான வழிகாட்டிக் கையேட்டை வெளியிட்டது. சிம்பாப்வேயில் 2006 முதல் நடைபெறும் 'நட்பு இருக்கை' திட்டத்தில், பயிற்சி பெற்ற மூதாட்டியர் சுகாதார நிலையத்து மர இருக்கையில் அமர்ந்து மனச்சோர்வு உள்ளோருடன் உரையாடுகின்றனர்.

சென்னைக் கடலோர அனுபவம்

சென்னையில் சமூகப் பரிந்துரை என்ற பெயர் அதிகம் வழங்கவில்லை எனினும், இக்கருத்தை ஒத்த பணிகள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே அமைந்த நொச்சிக்குப்பம், அதற்கும் தெற்கேயுள்ள பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் முதலிய மீனவர் குடியிருப்புகளும் பாதிக்கப்பட்டன. உறவினர், வீடு, படகு, வலை ஆகியவற்றை ஒரே நாளில் இழந்தோரின் துயரம் இயல்பானது என்பதால், அவர்கள் அனைவரையும் மனநோயாளிகளாகக் கருதுவது தவறு என வல்லுநர்கள் வலியுறுத்தினர். அனைவருக்கும் மருத்துவம் அளிக்கப் போதிய மனநல மருத்துவர்களும் இல்லை. எனவே பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளிட்டவை, சமுதாயப் பணியாளர்களுக்கு உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தன.

மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் தன்னார்வலர்களும் இப்பணியில் ஈடுபட்டனர். தொழில்முறை மருத்துவர் அல்லாத இவர்கள், உற்றாரை இழந்தவர்களைச் சந்தித்து, அறிவுரை கூறாமல் செவிமடுத்தனர். 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, இத்தகைய ஆதரவு பெற்றவர்களிடம் மனச்சோர்வும் உளத்துயரும் குறைந்ததாகக் கூறுகிறது.

சென்னையின் பிற அமைப்புகள்

மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வில் ஈடுபட்டுள்ளது. இந்நிறுவனம் பங்கேற்ற ஆய்வொன்று தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் 282 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியானது. இதில் சமுதாயப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். நோயாளிகளையும் குடும்பத்தாரையும் சுயஉதவிக் குழுக்கள், அரசு உதவிகள் ஆகியவற்றோடு இணைப்பதும் அவர்கள் பணிகளுள் ஒன்று. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது.

1993இல் தொடங்கப்பட்ட பேன்யன், வீடற்ற மனநோயாளிகளுக்கு உறைவிடமும் சமூக வாழ்வும் கிடைக்கச் செய்கிறது. 1980இல் தொடங்கப்பட்ட டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தினரையும் ஈடுபடுத்துகிறது.

குப்பத்தில் உள்ள வளங்கள்

வெளியிலிருந்து வரும் அமைப்புகளைப் போலவே உள்ளூர் அமைப்புகளும் முக்கியமானவை. மீனவர் குடியிருப்புகளில் ஊர்ப் பஞ்சாயத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, அங்கன்வாடி, கோயில், தேவாலயம் ஆகியன இவற்றுள் அடங்கும். ஒருங்கே அமர்ந்து மீன் விற்கும் பெண்களுக்குச் சந்தை, வருவாய் தரும் இடமாக மட்டுமன்றித் துயரைப் பகிரும் இடமாகவும் அமைகிறது. ஆகவே வாழ்வாதாரத்துக்கு வரும் இடையூறு மனநலத்தையும் பாதிக்கக்கூடும். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் வளைவுச் சாலையோர மீன்கடைகள் உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து அகற்றப்பட்டபோது மீனவர்கள் போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது.

சட்டப் பின்னணி

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவர்கள் சமூகத்தின் அங்கமாக வாழும் உரிமையை ஏற்கிறது. அதே சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் கூறுகிறது. இதற்கு மாறானது மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு உண்டு.

விமர்சனங்களும் வரையறைகளும்

சமூகப் பரிந்துரையின் பயன் குறித்த சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை. பல ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை, ஒப்பீட்டுக் குழு அற்றவை. பரிந்துரைக்கத்தக்க சேவை உள்ளூரில் இல்லாதபோது பரிந்துரை வெறும் தாளாகவே எஞ்சும். வீடு, வருமானம் போன்ற அடிப்படைத் தேவைகளில் அரசுக்குள்ள பொறுப்பைத் தன்னார்வலர் மீது சுமத்த இது வழிவகுக்கும் என்ற அச்சமும் உண்டு. குடியிருப்பு சிறியதாக இருக்கும்போது, நோயாளியின் செய்தி அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் காப்பதும் கடினம்.

மனச்சிதைவு, கடுமையான மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கு மனநல மருத்துவரின் சிகிச்சை இன்றியமையாதது. சமூகப் பரிந்துரை அதற்குத் துணை ஆகுமே அன்றி மாற்று ஆகாது.