மருந்தும் மந்திரமும்: நாட்டு வைத்தியத்தைப் போதகர் நோக்கும் முறை

நம் கிராம வழக்கில் 'மருந்து' என்னும் சொல் இரு பொருளைத் தாங்கி நிற்கிறது. நோயைத் தீர்ப்பதும் மருந்து. ஒருவருடைய உணவில் கலந்து அவரை வசப்படுத்தவோ உருக்குலைக்கவோ வல்லது என நம்பப்படுவதும் மருந்து. பின்னதற்கு இடுமருந்து என்று பெயர். 'மருந்து கொடுத்தார்' என்றால் வைத்தியம். 'மருந்து வைத்தார்' என்றால் சூனியம். வினைச்சொல் ஒன்று மாறியதும் பொருள் தலைகீழாகி விடுகிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. கிரேக்கத்தில் 'பார்மக்கோன்' என்பது மருந்து, நஞ்சு, மாயக்கலவை ஆகிய மூன்றையும் குறிக்கும். கலாத்தியர் 5:20இல் மாம்சத்தின் கிரியைகளுள் ஒன்றாகப் பவுல் வைக்கும் 'பார்மக்கெயா' என்பதை நம் திருமறை 'பில்லிசூனியம்' என மொழிபெயர்த்துள்ளது. யாத்திராகமம் 22:18இல் சூனியம் செய்வோரைக் குறிக்கச் செப்துவஜிந்து மொழிபெயர்ப்பு ஆளுவதும் இதே வேரிலிருந்து பிறந்த சொல்லே. ஆயினும் தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாகிய சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் மண்ணிலிருந்து மருந்துகளைத் தோற்றுவித்தார் எனக் கூறுமிடத்திலும் அச்சொல்லின் பன்மையே நிற்கிறது. கண்டிக்கப்படுவதும் போற்றப்படுவதும் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இந்தத் தழை ஆகும், அந்த வேர் ஆகாது என்று பட்டியல் போட்டு இக்காரியத்தைத் தீர்க்க நினைக்கும் போதகர் விரைவில் திகைத்துப் போவார்.

கைமருந்து என்று நம் தாய்மார் வழங்குவதில் பெரும்பகுதி அனுபவ அறிவேயாகும். சளிக்கு ஆடாதோடை, காய்ச்சலுக்கு நிலவேம்பு, வயிற்று மந்தத்துக்கு ஓமநீர் என்பவை எந்தத் தேவதையையும் அழைத்துக் கொடுக்கப்படுபவை அல்ல. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் சளி இளக்கும் மருந்து உருவாயிற்று. அதே வேளையில், தழை என்றாலே நன்மை என்று கொள்வதும் அவசரம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், கல்லீரல் அழற்சி பி கிருமியைத் தாங்கியிருந்தோரில் பாதிக்கு மேற்பட்டவரிடம் கீழாநெல்லி வகை மூலிகை அக்கிருமியின் அடையாளத்தை மறையச் செய்தது என வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. காமாலையில் ஒரு வகை சில வாரங்களில் தானே தணியும் இயல்புடையது. அக்காலத்துக்குள் எதைக் கொடுத்தாலும், கையில் சூடு போட்டாலும், மந்திரித்து மாலை போட்டாலும், குணம் அதற்கே உரியதாகி விடுகிறது.

இனி, தழையும் மந்திரமும் எங்கே ஒட்டிக்கொள்கின்றன என்று காண வேண்டும். பழைய முறைப்படி மூலிகை பிடுங்குவோர் செடிக்குக் காப்புக் கட்டி, பூசை செய்து, சாபநிவர்த்தி மந்திரம் சொல்லி, நகம் படாமலும் ஆணிவேர் அறாமலும் எடுப்பர். செடிக்கு ஒரு சாபம் உண்டு, அது நீங்கினாலன்றி மருந்து பலிக்காது என்பது கொள்கை. இதனை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் இதற்குள் இரண்டு எண்ணங்கள் உள்ளன. ஒன்று, செடியும் உயிருடையது, அதனைக் கேளாமல் பறிக்கலாகாது என்னும் பணிவு. மற்றொன்று, முறை பிசகாமல் செய்தால் செடிக்குள் இருக்கும் ஆற்றல் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்னும் அதிகாரம். முன்னதோடு கிறிஸ்தவனுக்குப் பகை இல்லை. பின்னதே மந்திரத்தின் உயிர்நாடி. அது நம் ஜெபங்களுக்குள்ளும் புகக்கூடியது.

நம் முன்னோரான அருட்பணியாளர்கள் இவ்விரண்டையும் எப்படிக் கையாண்டனர்? தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் உடன்ஊழியரான கிரண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மானிய மொழியில் ஒரு நூல் தொகுத்து ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழரிடம் கற்கத்தக்க மருத்துவம் உண்டு என்று அவர் கருதியது அந்தக் காலத்துக்கு அரியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். நெல்லை நாட்டில் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் பேயாட்டத்தைக் கூர்ந்து விவரித்தார். ஆனால் அவர் அதனைக் கண்டது அழிக்கப்பட வேண்டிய இருளாகவே. நாளடைவில் ஒரு பங்கீடு ஏற்பட்டது. உடல் மிஷன் ஆஸ்பத்திரிக்கு, ஆத்துமா ஆலயத்துக்கு. இரண்டுக்கும் நடுவே நின்ற கண்ணேறு, ஏவல், செய்வினை, குலதெய்வக் கோபம் ஆகியவை பற்றிப் பேச எவரும் இல்லை. ஆந்திர நாட்டின் மகபூப்நகர்ப் பகுதியில் பணியாற்றிய பால் ஹீபர்ட் 1982இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மேனாட்டு இறையியல் இந்த நடுத்தளத்தையே விட்டுவிட்டது என்று சுட்டிக்காட்டினார். நம் மாணவர்கள் அதனைத் தேர்வுக்காக அன்றி ஊழியத்துக்காகப் படிக்க வேண்டும்.

அந்த நடுத்தளத்தில் எழுவது ஒரு கேள்வி. மருத்துவர் 'என்ன நோய்?' என்று கேட்கிறார். நோயாளியின் வீட்டார் அதற்கு விடை பெற்ற பின்னும் அமைதி அடைவதில்லை. 'யார் செய்தது? ஏன் எங்களுக்கு?' என்பது அவர்கள் கேள்வி. கோடாங்கி உடுக்கை அடித்து அதற்கு விடை சொல்கிறான். அவன் சொல்லும் விடையில் பெரும்பாலும் ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண். அவள் பெரும்பாலும் கைம்பெண்ணாகவோ, பிள்ளையற்றவளாகவோ, சொத்து வழக்கில் எதிர்த்தரப்பாகவோ இருக்கிறாள். நான் ஊழியம் செய்த ஒரு சபையில், மருமகனுக்கு நெடுநாள் வயிற்றுவலி இருந்தது. 'மருந்து எடுப்பவன்' ஒருவன் அவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய ஓர் உருண்டையைக் காட்டினான். அன்று மாலையே அடுத்த வீட்டு மூதாட்டியின் பெயர் தெருவில் உலவியது. அவர் கையால் கொடுத்த பலகாரத்தைப் பிள்ளைகள் வாங்கவில்லை. திருவிருந்தில் அவர் முழங்காலிட்ட இடத்துக்கு இருபுறமும் ஆள் இல்லை. பின்பு ஆஸ்பத்திரியில் குடற்புண் என்று கண்டு மாத்திரைகளால் வலி நின்றது. பெயர் மட்டும் நிற்கவில்லை.

மந்திரவாதத்தின் கேடு பணச்செலவிலோ அறியாமையிலோ மட்டும் இல்லை. அது அயலானைப் பகைவனாக்குகிறது. பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள் கேட்டதும் இதே 'யார்' என்னும் கேள்விதான் (யோவான் 9). இவனா, இவனைப் பெற்றவர்களா என்று இரண்டு பெயர்களை அவர்களே முன்வைத்தனர். ஆண்டவர் இரண்டையும் ஏற்கவில்லை. மூன்றாவது பெயர் ஒன்றையும் கொடுக்கவில்லை. அவர் தரையில் உமிழ்ந்து சேறுண்டாக்கியது, உமிழ்நீருக்கு மருத்துவக் குணம் உண்டு என எண்ணிய அக்கால மக்களுக்குப் பழக்கமான செயலே. நாட்டு வைத்தியத்தின் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மந்திரவாதியின் கேள்வியை அவர் மறுத்துவிட்டார். 'உமக்கு யார்மேல் சந்தேகம்?' என்று ஜெபவேளையில் கேட்கும் ஊழியர், வாயில் எந்த நாமத்தை உச்சரித்தாலும், கோடாங்கியின் தொழிலையே செய்கிறார்.

இளம் ஆயர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்று: சின்னம்மை கண்ட வீட்டில் விசுவாசிகள் வேப்பிலை செருகலாமா? பெரியம்மை இந்தியாவில் கடைசியாக 1975இல் கண்டது. 1980இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 'அம்மா வந்திருக்கிறாள்' என்னும் பேச்சு ஒழியவில்லை. வாசலில் வேப்பிலை கண்டால் அயலார் உள்ளே வரமாட்டார்கள். தொற்றும் நோய்க்கு அது நல்ல அறிவிப்பே. தழை படுக்கைக்குக் குளிர்ச்சி. இங்கே 1 கொரிந்தியர் 10:25-28 நமக்குத் துணைசெய்கிறது. சந்தையில் விற்கும் இறைச்சியை விசாரியாமல் உண்ணலாம் என்ற பவுல், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் அவன் நிமித்தம் உண்ணாதிருக்கச் சொல்கிறார். வேப்பிலை வேப்பமரத்தினுடையது, மரம் ஆண்டவருடையது. ஆனால் 'ஆத்தாள் மனம் குளிரட்டும்' என்று பாட்டியார் அதனைச் செருகினால், அந்த வீட்டில் அதே இலை வேறொன்றைப் பேசுகிறது. அப்போதும் போதகர் இலையைப் பிடுங்கி எறிவதில் பயனில்லை. பிள்ளையின் நோய் எந்தத் தாயின் கோபமும் அன்று என்று அப்பாட்டியார் நம்பும் அளவுக்கு அவரோடு திண்ணையில் அமர்ந்து பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இவ்வளவு பொறுமை காட்ட இயலாது. பாம்புக்கடியில் மணிநேரம் என்பதே உயிர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மந்திரிப்பவரிடம் பிழைத்தவர் பலர் உண்டு. ஏனெனில் கடிப்பவற்றுள் நஞ்சற்ற பாம்புகள் மிகுதி, நச்சுப்பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை முறிக்கும் மருந்து அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அதற்குரிய நஞ்சைச் சேகரித்து வருவோருள் முதன்மையானோர், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் மக்களே. பாம்பையும் பச்சிலையையும் தலைமுறையாக அறிந்த பழங்குடியினரின் திறமையே ஊசிமருந்துக்குள் இருக்கிறது என்று சபையில் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்குப் போவது முன்னோரை இகழ்வதாகாது என்பது மக்களுக்கு விளங்கும். குழந்தையின் தொண்டையில் தொக்கம் எடுப்பதையும் இவ்வாறே தயக்கமின்றித் தடுக்க வேண்டும்.

மனநோயாளரைப் பிரார்த்தனைத் தலங்களில் கட்டிவைக்கும் வழக்கமும் இத்தகையதே. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. இதனை வேறொரு சமயத்தாரின் குறையென்று எண்ணும் உரிமை நமக்கு இல்லை. 'பேய் பிடித்தவர்' என்று நம்மவர் நடத்தும் ஜெபவீடுகளில் கட்டப்பட்டோரும் உண்டு.

கடைசியாக, நம் கையில் உள்ள எண்ணெய். யாக்கோபு 5:14இல் மூப்பர்கள் நோயாளியிடம் செல்கின்றனர், ஜெபிக்கின்றனர், பூசுகின்றனர்; உறவும் அறிக்கையும் மன்னிப்பும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. அந்த உறவினின்று எண்ணெயைப் பிரித்துக் குப்பியில் அடைத்து, நிலைப்படியில் தடவ இத்தனை சொட்டு, வாகனத்துக்கு இத்தனை சொட்டு என்று விலைக்குக் கொடுத்தால் அது தாயத்தே. மோசே தேவ கட்டளைப்படி செய்த வெண்கலச் சர்ப்பத்தையே எசேக்கியா உடைக்க நேர்ந்தது (2 இராஜாக்கள் 18:4). அதே எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி (2 இராஜாக்கள் 20:7). மந்திரப் பரிகார விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. சுகமளிக்கும் கூட்டங்களுக்குச் சுவரொட்டி எழுதுவோர் அதனை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். பூசும் எண்ணெயை மூப்பர்கள் நோயாளியின் வீட்டுக்குத் தாமே கொண்டுசென்று, ஜெபித்துப் பூசி, மீதியைத் திரும்பக் கொண்டுவருவது சிறிய ஒழுங்குதான். ஆனால் குப்பி கேட்டு வருவோருக்கு அதுவே போதிய விளக்கமாகும்.