துறைமுகம் இல்லாத துறைமுகப்பட்டினம்

தரங்கம்பாடிக்குப் போனால் எல்லாரும் கோட்டையைத்தான் பார்ப்பாங்க. எனக்கு முதலில் வந்த கேள்வி வேறு: கப்பல் எங்கே நின்றது?

பதில், கடலிலேயே. வங்கக்கடலின் இந்தக் கரை திறந்த மணற்கரை. கப்பல் ஒதுங்கி நிற்க வளைகுடா கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போடும். சரக்கெல்லாம் படகில் அலையைத் தாண்டி வந்து சேரணும். சோழமண்டலக் கரையில் இதற்காகவே பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் இருந்தன. ஆணி அடித்த படகு அலையின் அடியில் பிளந்துவிடும். தைத்தது வளைந்து கொடுக்கும்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கீழ்த்தளத்தில் கிடங்கு, மேல்தளத்தில் ஆளுநர் குடியிருப்பு. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் (1718) இன்றும் ராஜ வீதியில் நிற்கிறது. அந்த வீதியின் மறுமுனையில் 1792-இல் கட்டிய நகர வாயில்.

இத்தனை கட்டடங்கள் எப்படித் தப்பின? வியாபாரம் செத்ததால்தான் என்று நினைக்கிறேன். 1845-இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பணம் புழங்கும் ஊரில் பழையதை இடித்துப் புதியது கட்டுவாங்க. இங்கே இடிக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

ஆனால் கடல் விடவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம். 'பட்டினம்' என்றாலே கடல் வாணிப ஊர். ஆக, டேனியர் துறையை உண்டாக்கவில்லை; இருந்த துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கோட்டையில் அருங்காட்சியகம் இருக்கு, அவசியம் பாருங்க. ஆனால் அங்கேயே திரும்பிடாதீங்க. கொஞ்சம் வடக்கே நடந்தால் கோயில். இந்த ஊரின் கதை 1620-இல் தொடங்கவில்லை என்பதற்குச் சாட்சி அதுதான். அலைக்கு மிக அருகில் நிற்பதும் அதுதான்.